பூக்காத ஆண்டையும் குறிக்க வேண்டும்

2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குப் போனவர்கள், அந்த மாதத்தில் அங்கே பார்க்கக் கிடைக்காத ஒன்றைப் பார்த்தார்கள். பூங்காவுக்குப் பெயர் தந்த ஜோஷுவா மரங்களில் சில பூத்திருந்தன. வழக்கமாக அவை பூப்பது பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. நவம்பரிலோ குளிர்காலமே இன்னும் தொடங்கவில்லை. பார்த்தவர்கள் கைபேசியில் படம் எடுத்தார்கள். சிலர் அந்தப் படங்களை ஐநேச்சுரலிஸ்ட் என்ற பொதுத் தளத்தில் ஏற்றினார்கள். எடுத்த நாளும் இடமும் படத்தோடு பதிவாயின. அந்தப் படங்களைத் திரட்டி, அந்த ஆண்டின் வழக்கமில்லாத வானிலையோடு பொருத்திப் பார்த்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. பருவம் தப்பிய அந்தப் பூப்புக்கு அறிவியலில் ஓர் இடம் கிடைத்தது என்றால், சுற்றிப் பார்க்க வந்தவர்கள் நின்று ஒரு படம் எடுத்ததுதான் காரணம்.

ஜோஷுவா மரம் மொஹாவி பாலைவனத்தின் சொந்த மரம். கலிஃபோர்னியா, நெவாடா, யூட்டா, அரிசோனா ஆகிய நான்கு மாநிலங்களில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. யூக்கா பேரினத்தைச் சேர்ந்தது. ஆனைக்கற்றாழைக்குத் தூரத்து உறவு. கத்திபோல் நீண்டு கூர்ந்த இலைகள், திசைக்கொன்றாகத் திரும்பிய தடித்த கிளைகள், ஐந்து முதல் பன்னிரண்டு மீட்டர் வரை உயரம். மேற்கே வளர்வது ஓர் இனம், கிழக்கே வளர்வது இன்னோர் இனம் என்று இப்போது பலர் பிரித்துச் சொல்கிறார்கள். வளர்ச்சி மிக மெதுவானது. வளர்ந்த மரம் ஆண்டுக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீண்டாலே அதிகம். நூறு, நூற்றைம்பது ஆண்டு வாழும் என்று மதிப்பிடுகிறார்கள்.

மதிப்பிடத்தான் முடியும். பனையையும் தென்னையையும் போல இது ஒருவித்திலைத் தாவரம். தண்டு முழுக்க நார். தேக்கையோ பைன் மரத்தையோ அறுத்தால் தெரியும் ஆண்டு வளையம் இதில் கிடையாது. எந்த ஆண்டு மழை பெய்தது, எந்த ஆண்டு பொய்த்தது என்று மரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி இங்கே அடைபட்டுவிடுகிறது. வடிவத்தில் மட்டும் ஒரு தடயம் இருக்கிறது. ஒரு கிளையின் நுனியில் பூங்கொத்து வந்துவிட்டால், அந்த நுனி அதற்குமேல் நீளாது. அதன் கீழிருந்து புதுக்கிளைகள் பிரியும். ஆகவே கிளை பிரிந்த பல இடங்கள் என்றோ ஒருநாள் பூத்த இடங்கள்தான். ஆனால் நுனியைத் துளைக்கும் வண்டு குருத்தைக் கெடுத்தாலும் கிளை அப்படியே பிரியும். பூத்ததற்கான அடையாளம் என்று வைத்துக்கொண்டாலும், எந்த ஆண்டு என்பதை மரம் சொல்லாது. அதை மனிதர்கள்தான் எழுதி வைக்க வேண்டும்.

மரம் எப்போது தளிர்க்கிறது, எப்போது பூக்கிறது, பறவை எப்போது வந்து சேர்கிறது என்று ஆண்டுதோறும் குறித்துவைத்துப் படிக்கும் துறைக்குப் பருவநிகழ்வியல் என்று பெயர். இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736இல் தொடங்கிய குறிப்புகளை அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி பூத்த நாள்கள் 9ஆம் நூற்றாண்டிலிருந்து நாட்குறிப்புகளிலும் அரசவை ஆவணங்களிலும் கிடைக்கின்றன. 2021இல் அங்கே மார்ச் 26ஆம் தேதியே பூப்பு உச்சத்தைத் தொட்டது. ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பதிவில் அவ்வளவு முந்திய தேதி அதற்கு முன் இல்லை. புவி சூடாகிறது என்பதற்கு இதைவிட எளிதில் புரியும் சான்று குறைவு.

ஆனால் செர்ரி ஆண்டுதோறும் பூக்கும் மரம். அங்கே கேள்வி, எந்தத் தேதியில் என்பது. பாலைவனத்தில் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது: இந்த ஆண்டு பூக்குமா, பூக்காதா? ஜோஷுவா மரம் ஓராண்டு ஒரு பூகூட இல்லாமல் கடத்திவிடும். அடுத்த ஆண்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும். எப்போதாவது ஓர் ஆண்டு, பல கிலோமீட்டர் பரப்பில் உள்ள மரங்களெல்லாம் சொல்லிவைத்தாற்போலக் கிளைக்குக் கிளை பூத்துக் குலுங்கும். 2013 வசந்தம் அப்படிப்பட்டது. மூங்கிலும் ஓக் மரமும் இதே வழியில் சேர்ந்து பூத்துக் காய்ப்பவை. காய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு இப்படி மாறும்போது, தின்னும் உயிர்களால் எல்லா விதையையும் தின்று தீர்க்க முடியாது. மிஞ்சுவதில் சில முளைக்கும்.

பூவைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் இதன் முழுக் கதை விளங்கும். குளிர்காலக் கடைசியில் கிளை நுனியில் இலைகளுக்கு நடுவே கூம்பாக ஒரு மொக்கு தலை நீட்டும். மடல் மேல் மடல் மூடி, கொஞ்சம் செம்மை படர்ந்த பச்சையில், சின்ன வாழைப்பூ போல இருக்கும். அது நீண்டு விரிந்து முப்பது, நாற்பது சென்டிமீட்டர் கொத்தாகும். ஒவ்வொரு பூவும் வெண்மையும் இளம்பச்சையும் கலந்தது. இதழ்கள் தடிப்பானவை, மெழுகு பூசியதுபோல வழவழப்பானவை, முழுக்க விரியாதவை. வாசனை காளான் வாடை. தேன் என்று சொல்லும்படி எதுவும் இல்லாததால் தேனீக்களை நம்பி இந்தப் பூ இல்லை. இது நம்பியிருப்பது ஒரு சென்டிமீட்டர்கூட எளிதில் தாண்டாத ஓர் அந்துப்பூச்சியை.

யூக்கா அந்துப்பூச்சியின் பெண்ணுக்கு வாயருகே சுருண்ட இரு கொடுக்குகள் உண்டு. வேறெந்தப் பூச்சிக் குடும்பத்திலும் இப்படி ஓர் உறுப்பைக் காண முடியாது. அவற்றால் மகரந்தத்தைச் சுரண்டி எடுத்து, உருண்டையாக்கித் தலைக்கடியில் வைத்துக்கொண்டு இன்னொரு பூவுக்குப் பறக்கிறது. அங்கே சூலகத்துக்குள் முட்டைகளை இறக்குகிறது. பிறகு மேலேறி, கொண்டுவந்த மகரந்தத்தைச் சூல்முடியில் வைத்துத் தேய்க்கிறது. மற்ற பூச்சிகள் தேன் குடிக்க வந்த இடத்தில் மகரந்தம் தற்செயலாக ஒட்டிக்கொண்டு போகும். இந்தப் பூச்சிக்கு மகரந்தம் சேர்ப்பதே வேலை. முட்டையிலிருந்து வரும் புழுக்கள் வளரும் விதைகளில் கொஞ்சத்தைத் தின்னும். மீதி மரத்துக்கு. மிசௌரி மாநிலத்தின் பூச்சியியலாளர் சார்லஸ் ரைலி 1870களின் தொடக்கத்தில் வேறொரு யூக்கா செடியில் இதைக் கண்டு எழுதினார். அதைப் படித்த டார்வின், மகரந்தச் சேர்க்கை பற்றி இதுவரை வெளியானவற்றிலேயே மிக வியப்புக்குரியது இதுதான் என்ற கருத்தில் தம் நண்பர் ஹூக்கருக்கு எழுதினார்.

ஜோஷுவா மரத்தில் இந்த உறவு இன்னும் நெருக்கமானது. மேற்கு மரத்துக்கு ஓர் அந்துப்பூச்சி, கிழக்கு மரத்துக்கு இன்னொன்று. மேற்கு மரத்துப் பூவின் சூல்தண்டு நீளம், அதன் பூச்சியும் உடல் பெரிது. கிழக்கே இரண்டுமே சிறிது. நெவாடாவின் டிகாபூ பள்ளத்தாக்கில் மட்டும் இரு வகை மரங்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, இரு வகைப் பூச்சிகளும் பறக்கின்றன. மரமும் பூச்சியும் ஒன்றையொன்று எப்படி வடிவமைத்தன என்று ஆராய்பவர்கள் பல ஆண்டுகளாக அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய் வருகிறார்கள்.

இப்போது பூக்கும் நாளின் முக்கியத்துவம் புரியும். தின்று முடித்த புழு காயைவிட்டுக் கீழே இறங்கி, மண்ணுக்குள் கூடு கட்டிக்கொள்கிறது. அடுத்த பூப்புவரை அங்கேயே கிடக்க வேண்டும். அந்தப் பூச்சி இறக்கை முளைத்து வெளியே வரும் நாளும் மரம் பூக்கும் நாளும் ஒத்துப்போனால்தான் இரண்டுக்கும் சந்ததி. மரம் பூக்காத ஆண்டில் பூச்சிக்கு முட்டையிட வேறு இடம் கிடையாது. பூச்சி வராத நாளில் பூத்தால் மரத்துக்குக் காய் கிடையாது. நவம்பரில் பூத்த மரத்தைப் பார்த்து ஆய்வாளர்கள் கவலைப்பட்டதற்கு இதுவே காரணம்.

சரி, நூறு ஆண்டுக்கு முன் இந்த மரங்கள் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பூத்தன? பழைய பதிவுகளைத் தேடினால் ஒரு சிக்கல். உலர்தாவரச் சாலைகளில் ஜோஷுவா மரத்தின் பூங்கொத்துகள் அழுத்தி உலர்த்தி ஒட்டப்பட்டு, நாளும் இடமும் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் தாவரவியலாளர் பெரும்பாலும் பூவும் காயும் இருக்கும் கிளையைத்தான் வெட்டி எடுத்து வருவார். இனத்தை அடையாளம் காண அதுதான் தேவை. வெறும் இலை நின்ற ஆண்டுக்கு அவர் ஏன் ஒரு தாளைச் செலவிட வேண்டும்? செய்தித்தாள்களும் அப்படியே. பாலைவனம் பூத்தால் செய்தி, பூக்காவிட்டால் மௌனம். பூத்த ஆண்டுகளின் பட்டியல் கிடைக்கும். பட்டியலில் இல்லாத ஆண்டில் மரம் பூக்கவில்லையா, அல்லது யாரும் போய்ப் பார்க்கவில்லையா என்று பிரித்தறிய வழியில்லை.

இந்தத் துறையில் புதிதாக இறங்குபவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, பூக்காததையும் குறிக்க வேண்டும் என்பதுதான். அமெரிக்காவின் தேசியப் பருவநிகழ்வியல் வலையமைப்பு 2007இல் தொடங்கியது. அது பொதுமக்களுக்காக நடத்தும் பதிவுத் திட்டத்தில், ஒருவர் ஒரே மரத்தை அடையாளமிட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மொக்கு இருக்கிறதா, விரிந்த பூ இருக்கிறதா, காய் இருக்கிறதா, பழுத்திருக்கிறதா என்ற கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, உறுதியில்லை என்று மூன்றில் ஒரு பதில். ‘இல்லை’ என்பது அங்கே முழு மதிப்புள்ள பதில். மார்ச் 3ஆம் தேதி இல்லை, மார்ச் 10ஆம் தேதி ஆம் என்று இருந்தால், பூப்பு அந்த ஏழு நாளுக்குள் தொடங்கியது என்று திட்டமாகச் சொல்லலாம். மார்ச் 10 மட்டும் இருந்தால், மரம் முந்தின நாள் பூத்ததா, மூன்று வாரம் முன்பே பூத்ததா என்பது யாருக்கும் தெரியாது.

பார்ப்பதிலும் பழக்கம் வேண்டும். பத்து மீட்டர் உயரத்தில், கத்தி இலைகளுக்கு நடுவே இருக்கும் நுனியைக் கீழே நின்று வெறுங்கண்ணால் பார்த்தால் ஏமாந்துபோகலாம். தொலைநோக்கி வேண்டும். போன பருவத்துக் கொத்தின் காம்பு உலர்ந்து பழுப்பாக நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து அது பூப்போலத் தெரியும். உண்மையில் அது போன முறை பூத்ததற்குச் சாட்சி. காய் வெடிக்காது. பச்சையாக இருந்து, கோடையில் உலர்ந்து பஞ்சுபோல இலகுவாகிவிடும். அணில்களும் எலிகளும் அதைக் கிழித்து, தட்டையான கறுப்பு விதைகளை எடுத்துப்போய் மண்ணில் புதைத்து வைக்கும். புதைத்ததை மறந்தால் அல்லது மிச்சம் வைத்தால் அது கன்றாகும்.

கலிஃபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகத்தின் நார்த்ரிட்ஜ் வளாகத்தில் பணியாற்றும் ஜெரமி யோடரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் பழைய ஆண்டுகளின் பூப்பை அறியும் சிக்கலுக்கு அழகான வழி ஒன்றைக் கண்டார்கள். ஐநேச்சுரலிஸ்ட் 2008இல் தொடங்கியது. ஜோஷுவா ட்ரீ பூங்காவுக்கு மட்டும் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் பேர் வருகிறார்கள். வந்தவர்கள் பூத்த மரத்தை மட்டும் படம் எடுக்கவில்லை. முதன்முறை அந்த மரத்தைப் பார்த்த வியப்பில், பூவே இல்லாத மரத்தையும் எடுத்து ஏற்றினார்கள். தாவரவியலாளர் வெட்டி எடுக்காமல் விட்ட வெறுங்கிளையைச் சுற்றுலாப் பயணி தம்மை அறியாமலே பதிந்து வைத்தார்.

யோடர் குழு 15 ஆண்டுக் காலத்துப் படங்களில் 10,212ஐ எடுத்து, ஒவ்வொன்றிலும் மொக்கு உண்டா, பூ உண்டா, காய் உண்டா, ஒன்றுமில்லையா என்று குறித்தது. பிறகு அந்தந்த இடத்தின் அந்தந்த ஆண்டு மழை, வெப்ப அளவுகளோடு அதை இணைத்து, எப்படிப்பட்ட வானிலையில் மரம் பூக்கிறது என்று கணினிக்குக் கற்றுக்கொடுத்தது. வானிலைப் பதிவுகள் 1900வரை பின்னோக்கிக் கிடைக்கின்றன. ஆக, கற்ற கணினியிடம் பழைய ஆண்டுகளின் வானிலையைக் கொடுத்து, அப்போது பூத்திருக்குமா என்று கேட்டார்கள். கிடைத்த விடையை, ஆய்வில் பயன்படுத்தாமல் தனியே வைத்திருந்த பழைய பூப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது பொருந்தியது. 2024இல் இந்த ஆய்வு வெளிவந்தது. வளையம் இல்லாத ஒரு மரத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பூப்பு வரலாறு இப்படிக் கிடைத்தது.

விடை எதிர்பாராதது. மரம் பூக்கத் தோதான ஆண்டுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைவிட இப்போது சற்றே கூடியிருக்கின்றன. மழை மொத்தத்தில் கூடியதால் அல்ல; ஆண்டுக்கு ஆண்டு மழையின் ஏற்ற இறக்கம் கூடியதால். வறண்ட காலத்தை அடுத்து நல்ல மழை ஆண்டு வரும்போது மரங்கள் கூட்டமாகப் பூக்கின்றன. ஏற்ற இறக்கம் பெரிதானால் அப்படிப்பட்ட ஆண்டும் கூடுகிறது.

இதைக் கேட்டு மகிழ்ந்துவிட முடியாது. அதே ஆய்வே, வெப்பமும் வறட்சியும் கூடிவருவதால் மொத்தத்தில் புதுக்கன்றுகள் உருவாவது குறையக்கூடும் என்று எச்சரிக்கிறது. பூ வேறு, கன்று வேறு. பூத்து, பூச்சி வந்து, காய்த்து, எலி புதைத்து, முளைத்து, ஒரு புதரின் நிழலில் வெயிலுக்குத் தப்பி, அடுத்தடுத்த கோடைகளைத் தாண்டினால்தான் கன்று. வறட்சியில் வேறு பசுமை இல்லாதபோது முயல்கள் இளங்கன்றுகளைக் கடித்துத் தின்றுவிடும். தப்பிய கன்று முதன்முதலாகப் பூக்கக் குறைந்தது 30 ஆண்டுகள் ஆகும் என்று நெவாடாவில் நீண்டகாலம் நடந்த ஆய்வு கணக்கிட்டது. பூப்பு பெருகியதைக் கொண்டாடி, கன்றுகளை எண்ணாமல் விட்டால் காடு கிழடாகிக்கொண்டிருப்பது கண்ணில் படாது.

மரத்தால் இடம் பெயரவும் முடிவதில்லை. பனியுகத்தில் அங்கே உலவிய ‘கிரவுண்ட் ஸ்லோத்’ என்ற ராட்சத விலங்கு ஜோஷுவா மரத்தைத் தின்றது. லாஸ் வேகாஸுக்கு அருகே ஜிப்சம் குகையில் அதன் காய்ந்த சாணத்திலேயே சான்று கிடைத்தது. விதையைத் தொலைதூரம் கொண்டுபோயிருக்கக்கூடிய அந்த விலங்கு அழிந்துவிட்டது. எலிகள் கொண்டுபோவது சில பத்து மீட்டர்தான். வெப்பமோ அதைவிட வேகமாக மலையேறுகிறது. ரிவர்சைடில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லின் ஸ்வீட் குழு, தன்னார்வலர்களின் உதவியோடு சேர்த்த தரவுகளைக் கொண்டு 2019இல் வெளியிட்ட கணக்கு கவலை தருவது. கரிம உமிழ்வைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் இந்த நூற்றாண்டின் கடைசியில் தேசியப் பூங்காவுக்குள் இந்த மரத்துக்கு ஏற்ற இடம் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. கட்டுப்படுத்தினால் ஐந்தில் ஒரு பங்கு வரை தப்பலாம்.

தீ இன்னொரு பக்கம். 2020 ஆகஸ்டில் மின்னல் விழுந்து மூண்ட தீ, மொஹாவி தேசியக் காப்பகத்தின் சீமா மேட்டில் சுமார் 13 லட்சம் ஜோஷுவா மரங்களை அழித்ததாக மதிப்பிட்டார்கள். உலகிலேயே மிக அடர்த்தியான ஜோஷுவா காடுகளில் ஒன்று அது. 2023இல் கலிஃபோர்னியா அரசு மேற்கு ஜோஷுவா மரத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. அனுமதி இல்லாமல் அதை வெட்டவோ பிடுங்கவோ கூடாது. எந்தப் பகுதியைக் காக்க வேண்டும், எங்கே புதுக்கன்றுகள் உண்மையில் வளர்கின்றன என்ற கேள்விக்கு விடை சொல்ல, அரசுக்கும் இந்தச் சிறு குறிப்புகள்தான் வேண்டும்.

மொஹாவிக்குப் போக வாய்ப்புள்ளவர்கள் பூத்த மரத்தின் அழகோடு நின்றுவிடாமல், பக்கத்தில் வெறுமையாக நிற்கும் மரத்தையும், அதன் நிழலில் முளைத்த கன்றையும் நாள், இடத்தோடு படம் எடுத்து ஏற்றலாம். வாய்ப்பில்லாதவர்களும் வருந்த வேண்டியதில்லை. இந்தியாவில் சீசன்வாட்ச் என்ற திட்டம் இதே வேலையை நம் ஊர் மரங்களுக்குச் செய்கிறது. தெருவோரத்துக் கொன்றையோ பள்ளி வளாகத்து வேம்போ, ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு வாரம் ஒருமுறை பார்த்து, இலை, பூ, காய் ஒவ்வொன்றும் இல்லை, கொஞ்சம், நிறைய என்று குறிக்க வேண்டும், அவ்வளவுதான். பூ வராத வாரங்களில் ‘இல்லை’ என்று குறிக்காமல் விட்டுவிடாதீர்கள்.